பதினொரு டாலருக்கு இவ்வளவு சண்டையா?

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கும் மிச்சிகன் மாநில அரசுக்கும், ஒரு பூங்காவை யார் நடத்துவது என்று 2012-13-இல் நடந்த இழுபறியை யாரிடம் சொன்னாலும் முதலில் வருவது ஒரே கேள்விதான்: நுழைவுக் கட்டணம் எவ்வளவு? ஒரு காருக்கு ஆண்டுக்கு 11 டாலர் என்பேன். அது 2014 கணக்கு. நடந்து போனால் ஒன்றும் கிடையாது, சைக்கிளில் போனாலும் கிடையாது. கேட்டவர் முகம் சப்பென்று ஆகிவிடும். பதினொரு டாலருக்கா ஓராண்டுக்கு மேல் மல்லுக்கட்டினார்கள்?

நான் டெட்ராய்ட்டின் புறநகர் ஒன்றில் இருப்பவள். என் வீட்டுக் கணக்கில் அந்தத் தொகை ஒரு பொருட்டே இல்லை. அன்றைக்கு என்னைப் போன்ற புறநகர்வாசிகள் பலர், ‘நொடித்துப்போன ஊருக்கு ஒருவர் வந்து இலவசமாகப் பூங்காவைப் பராமரித்துத் தருகிறேன் என்கிறார், அதற்கும் முரண்டு பிடிக்கிறார்களே’ என்று சலித்துக்கொண்டதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பேச்சுவார்த்தையை அடிமுதல் நுனிவரை படித்த பிறகு எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. நகரம் முரண்டு பிடித்தது தவறில்லை. முரண்டு பிடிக்கத் தெரிந்த அளவுக்கு அதற்குப் பேரம் பேசத் தெரியவில்லை. அதுதான் என் வருத்தம்.

பூங்காவின் பெயர் பெல் ஐல். டெட்ராய்ட் ஆற்றின் நடுவே, ஒரு பக்கம் அமெரிக்கக் கரையும் மறு பக்கம் கனடாவின் கரையும் தெரிய, 982 ஏக்கரில் கிடக்கும் தீவு. 1879-இல் நகரம் 2 லட்சம் டாலர் கொடுத்து அதை வாங்கியது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் 1880-களில் இதற்கும் வரைபடம் போட்டுக் கொடுத்தார். ஆல்பர்ட் கான் வடிவமைத்த கண்ணாடித் தாவரக்கூடமும் மீன் காட்சியகமும் 1904-இல் வந்தன. கரையிலிருந்து தீவுக்கு ஒரே ஒரு பாலம். இப்போதிருப்பது 1923-இல் திறந்தது, நீளம் அரை மைலுக்குச் சற்றுக் குறைவு. கட்டணம் வசூலிக்க நினைக்கும் அரசுக்கு இதைவிடத் தோதான நில அமைப்பு கிடைக்காது: நாலு பக்கமும் தண்ணீர், ஒரே வாசல். அப்படியிருந்தும், மாநிலத்தின் கைக்குப் போகும்வரை காரில் வருகிறவர்களிடம் அங்கே யாரும் பணம் கேட்டதில்லை.

நிபந்தனையோடு வரும் பணத்தைக் கண்டு இந்த ஊர் தயங்கியது அது முதல் தடவையும் இல்லை. தீவின் மேற்கு முனையில் பெரிய வெள்ளைப் பளிங்கு நீரூற்று ஒன்று இருக்கிறது. அதற்குப் பணம் வைத்துவிட்டுப் போனவர் ஜேம்ஸ் ஸ்காட். சூதாட்டத்துக்கும் வம்புக்கும் பேர்போன பணக்காரர். 1910-இல் இறந்தபோது, தன் சொத்தைக் கொண்டு நீரூற்றுக் கட்ட வேண்டும், கூடவே தனக்கு ஆளுயரச் சிலையும் வைக்க வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். அப்படிப்பட்டவருக்குச் சிலையா என்று பாதிரியார்கள் உட்படப் பலர் கொதித்தார்கள். விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. கடைசியில் 1925-இல் நீரூற்று திறந்தது. சிலையும் வைத்தார்கள், நீரூற்றைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருக்கிறார். ஊருக்கு நீரூற்று கிடைத்தது, அவருக்கு நாற்காலி கிடைத்தது. வாய்கிழியச் சண்டை போட்டாலும் கடைசியில் ஒரு வழிக்கு வந்தார்கள். 2013-இல் இந்தப் பொறுமை யாருக்கும் வாய்க்கவில்லை.

2012-இல் டெட்ராய்ட்டின் நிலைமை கந்தலாக இருந்தது. 1950-இல் 18 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த ஊர் 2010 கணக்கெடுப்பில் 7,13,777-க்கு வந்திருந்தது. வரி கட்ட ஆள் இல்லை, வாங்கிய கடன் அடையவில்லை. தீவில் கழிப்பறைகள் பூட்டிக் கிடந்தன, மீன் காட்சியகத்தை 2005-லேயே மூடியிருந்தார்கள், பிறகு தன்னார்வலர்கள்தான் 2012-இல் அதைத் திறந்து நடத்தினார்கள். அந்த நேரத்தில் ஆளுநர் ரிக் ஸ்னைடரும் மேயர் டேவ் பிங்கும் சேர்ந்து ஒரு யோசனையை முன்வைத்தார்கள். (இங்கே ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர், நம் ஊரில் முதல்வர் மாதிரி.) தீவின் உரிமை நகரத்திடமே இருக்கும். மாநிலம் அதைக் குத்தகைக்கு எடுத்து மாநிலப் பூங்காவாக நடத்தும். நகரத்துக்கு ஆண்டுக்கு 40 லட்சம் முதல் 60 லட்சம் டாலர்வரை பராமரிப்புச் செலவு மிச்சமாகும். குத்தகை என்று பெயரே தவிர வாடகைப் பணம் கிடையாது. பராமரிப்பும் சீரமைப்பும்தான் வாடகை. மாநிலப் பூங்கா ஆகிவிட்டால், மற்ற மாநிலப் பூங்காக்களைப் போலவே காரில் வருகிறவர்களிடம் ‘பொழுதுபோக்கு பாஸ்’ இருக்க வேண்டும்.

அந்தப் பாஸ் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், வினையே அதில்தான் இருக்கிறது. 2010 வரை மிச்சிகனின் மாநிலப் பூங்காக்களுக்குக் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர் வாங்க வேண்டும். ஆண்டுக்கு 24 டாலர். பூங்காவுக்கு அடிக்கடி போகிறவர்கள் மட்டுமே வாங்கினார்கள். 2010 அக்டோபரில் அதை எடுத்துவிட்டு ஒரு தந்திரம் செய்தார்கள். விலையை 10 டாலராகக் குறைத்து, ஆண்டுதோறும் எல்லாரும் கட்டாயம் செய்தாக வேண்டிய காரியத்தோடு, அதாவது காரின் பதிவைப் புதுப்பிப்பதோடு, அதைக் கோத்துவிட்டார்கள். படிவத்தில் ‘ஆம்’ என்று ஒரு கட்டம். அதில் குறியிட்டால் கட்டணத்தோடு 10 டாலர் சேரும், நம்பர் பிளேட்டில் ஒட்ட வரும் சின்னச் சீட்டில் ‘பி’ என்ற எழுத்து இருக்கும். அதுதான் பாஸ். எந்த மாநிலப் பூங்காவுக்கும் ஓராண்டு போகலாம். விலையைச் சட்டமே விலைவாசிக் குறியீட்டோடு கட்டிவிட்டது, அது தானாக ஏறும். 2013-இல் 11 ஆனது, பிறகும் ஏறியிருக்கிறது.

நிர்வாகக் கண்ணோட்டத்தில் இதை நான் மனதாரப் பாராட்டுவேன். வசூலுக்குத் தனியாக ஆள் வேண்டாம், தனி அலுவலகம் வேண்டாம். ஒருபோதும் பூங்காப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கூடப் போகிற போக்கில் ‘ஆம்’ போட்டுவிடுகிறார். விருப்பப்பட்டுக் கொடுப்பது என்பதால் இதை வரி என்று யாரும் சொல்ல முடியாது. மிச்சிகனில் அது முக்கியம். 1978-இல் மாநில அரசியல் சட்டத்தில் வந்த ஹெட்லீ திருத்தத்தின்படி, மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொள்ளாமல் உள்ளாட்சிகள் புது வரி போட முடியாது. வரிக்குக் கட்டணம் என்று பெயர் மாற்றி வசூலித்தாலும் நீதிமன்றம் விடாது. லான்சிங் நகரம் மழைநீர் வடிகாலுக்குக் கட்டணம் என்று வசூலித்ததை, அது உண்மையில் வரிதான் என்று 1998-இல் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

ஆனால் இந்தப் பாஸின் கணக்கு, கார் வைத்திருப்பவரை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. டெட்ராய்ட்டிலோ கார் இல்லாத வீடுகள் ஏராளம், கார் இருந்தாலும் பதிவைப் புதுப்பிக்கவும் இன்சூரன்ஸ் கட்டவும் திணறுகிற வீடுகள் அதைவிட ஏராளம். நடந்து போகிறவருக்குக் கட்டணம் இல்லை என்று மாநிலம் திரும்பத் திரும்பச் சொன்னது. சொல்வதற்குச் சரிதான். நானே ஒரு ஜூலை மத்தியானத்தில் அந்தப் பாலத்தில் நடந்து பார்த்திருக்கிறேன். ஒதுங்க நிழல் கிடையாது. ஒரு கையில் ஐஸ் பெட்டி, இன்னொரு கையில் மடக்கு நாற்காலி, பின்னால் இரண்டு குழந்தைகள் என்று ஒரு பெண் பாலத்தின் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பாலத்தைக் கடந்த பிறகும் அடுப்பு மூட்டி உட்காரும் இடத்துக்கு இன்னும் தூரம் இருக்கிறது. தீவைச் சுற்றிவர ஐந்து மைலுக்கு மேல். இலவசம் என்பது நுழைவோடு முடிந்துவிடுகிறது.

எதிர்ப்புக்குக் கட்டணம் ஒரு பாதி. மறு பாதி பழைய கணக்கு. 1943 ஜூன் 20 அன்று வெக்கையில் தீவிலும் பாலத்திலும் வெள்ளையர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே மூண்ட கைகலப்பு ஊர் முழுக்கக் கலவரமாகப் பரவி 34 பேர் இறந்தார்கள். அவர்களில் 25 பேர் கறுப்பினத்தவர். பின்னாளில் வெள்ளையர்கள் புறநகர்களுக்குப் போய்விட, ஊரில் பெரும்பான்மையாக ஆன கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடும்ப ஒன்றுகூடல்களை நடத்திய இடம் அந்தத் தீவு. அதன் வாசலில் மாநிலத்தின் காவல்காரர் நின்று ‘பாஸ் இருக்கிறதா?’ என்று கேட்பது அவர்களுக்கு எப்படி உறைக்கும் என்று யோசிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த வட்டாரத்தின் ஐந்து மாவட்டங்களுக்கும் சேர்த்துப் ‘மெட்ரோபார்க்ஸ்’ என்று ஒரு பூங்கா ஆணையம் இருக்கிறது. டெட்ராய்ட் வீட்டுக்காரர்களும் சொத்து வரியோடு அதற்குப் பணம் கட்டுகிறார்கள். ஆனால் அதன் பூங்காக்கள் எல்லாம் ஊருக்கு வெளியே. அங்கே போனால் வாசலில் வண்டிக்கு மறுபடியும் கட்டணம். பூங்காவுக்கு என்று ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறோம், பதிலுக்கு எங்கள் ஊருக்குள் ஒன்றும் வரவில்லை என்ற அந்த மனத்தாங்கல் நியாயமானது. பேச்சுவார்த்தை மேசையில் இதை ஒரு துருப்புச் சீட்டாக இறக்கியிருக்கலாம். கூட்டத்தில் கோபமாகக் கொட்டியதோடு சரி.

2013 ஜனவரி இறுதியில் நகர மன்றம் குத்தகையின்மேல் ஓட்டெடுப்பே நடத்தாமல் ஒத்திப்போட்டது. ஸ்னைடர் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மிச்சமாகும் என்று எதிர்பார்த்த பணம் வரவில்லை என்று சொல்லி, நகரத்தின் சுமார் 50 பூங்காக்களை மூடப்போவதாக மேயர் அறிவித்தார். நன்கொடைகள் வந்து பெரும்பாலானவை தப்பின. அதே வாரங்களில் ஒரு தொழிலதிபர், தீவை 100 கோடி டாலருக்கு வாங்கித் தனி நாடு மாதிரி நடத்துகிறேன், குடியுரிமைக்கு ஆளுக்கு 3 லட்சம் டாலர் என்று ஒரு திட்டத்தோடு வந்தார். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனாலும், ஊர் தளர்ந்து கிடந்தால் யார் யாரெல்லாம் விலை கேட்டு வருவார்கள் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

என் கோபம் இந்த ஜனவரியின் மேல்தான். அன்று மன்றத்திடம் ‘முடியாது’ என்று சொல்லும் அதிகாரம் முழுசாக இருந்தது. மாநிலத்துக்கோ இந்தத் தீவு வேண்டியிருந்தது. மிச்சிகனின் மிகப் பெரிய நகரத்தில், எல்லாரும் அறிந்த ஒரு தீவு மாநிலப் பூங்கா ஆனால் பாஸ் விற்பனை ஏறும். இப்படி இரு தரப்பிலும் கையில் சரக்கு இருக்கிற நேரம்தான் பேரத்துக்கான நேரம். நகரவாசிகளின் கார்களுக்கு விலக்குக் கொடு, அல்லது பாலத்தைத் தாண்டித் தீவுக்குள்ளேயே சுற்றும் பஸ்ஸுக்கு மாநிலம் பணம் கொடுக்கட்டும், பாஸ் விலை ஏறும்போது எங்களையும் கேட்க வேண்டும் என்று பட்டியல் போட்டிருக்கலாம். மன்றம் ஆமா இல்லையா என்ற இரண்டு கட்டங்களை மட்டும் பார்த்தது, இரண்டிலும் குறியிடாமல் காகிதத்தைத் தள்ளி வைத்தது.

அதற்கப்புறம் காலம் கைமீறிப் போனது. 2012 நவம்பரில் மிச்சிகன் மக்கள் ஓட்டுப் போட்டு ரத்துசெய்த அவசர மேலாளர் சட்டத்துக்கு (நிதி நெருக்கடியில் சிக்கிய ஊரை நடத்த மாநிலமே ஓர் ஆளை நியமிக்க வழிசெய்யும் சட்டம்) பதிலாக, அடுத்த மாதமே சட்டமன்றம் இன்னொன்றை நிறைவேற்றியிருந்தது. அதில் நிதி ஒதுக்கீட்டையும் சேர்த்துவிட்டதால் மறுபடி பொதுவாக்கெடுப்புக்கு விட முடியாது. 2013 மார்ச்சில் கெவின் ஓர் என்பவர் டெட்ராய்ட்டின் அவசர மேலாளராக நியமிக்கப்பட்டார். மேயரின் அதிகாரமும் மன்றத்தின் அதிகாரமும் பெரும்பாலும் அவர் கைக்குப் போயின. ஜூலை 18 அன்று நகரம் திவால் மனு கொடுத்தது. சுமார் 1,800 கோடி டாலர் கடன், அமெரிக்க நகரங்களில் அதுவரை காணாத அளவு. அக்டோபர் 1-ஆம் தேதி ஆளுநரும் அவசர மேலாளரும் பெல் ஐலுக்கு 30 ஆண்டுக் குத்தகையில் கையெழுத்திட்டார்கள். குத்தகை கொடுப்பவர் சார்பில் கையெழுத்திட்டவரை நியமித்ததே குத்தகை எடுக்கும் மாநிலம்தான். இதைப் பேச்சுவார்த்தை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

சட்டத்தில் மன்றத்துக்கு ஒரு சின்னச் சந்து விட்டிருந்தார்கள். மேலாளரின் முடிவை அது நிராகரிக்கலாம், ஆனால் குறித்த நாட்களுக்குள் அதே அளவு பணம் மிச்சமாகும் மாற்றுத் திட்டம் ஒன்றைத் தர வேண்டும். இரண்டில் எது என்று நெருக்கடியில் இருக்கும் உள்ளாட்சிகளுக்கான மாநிலக் கடன் வாரியம் தீர்மானிக்கும். மன்றம் 30 ஆண்டை நிராகரித்து, 10 ஆண்டுக் குத்தகை என்று மாற்றுத் திட்டம் கொடுத்தது. யோசித்துப் பார்த்தால் நல்ல திட்டம். பத்தாண்டில் ஊர் எழுந்துவிட்டால் மறுபடி உட்கார்ந்து பேசலாம். ஜனவரியில் இதே காகிதத்தை நீட்டியிருந்தால் மாநிலம் கேட்டிருக்கக்கூடும். நவம்பரில் வாரியம் 30 ஆண்டுக்கே முத்திரை குத்தியது. 2014 பிப்ரவரி 10 அன்று பெல் ஐல் மிச்சிகனின் 102-ஆவது மாநிலப் பூங்கா ஆனது.

அதன் பிறகு நடந்ததைக் குறைசொல்ல முடியாது. கழிப்பறைகள் திறந்தன, பட்ட மரங்களை வெட்டி எடுத்தார்கள், கூடாரங்களைப் பழுதுபார்த்தார்கள். கண்ணாடித் தாவரக்கூடத்தைப் பெரிய அளவில் புதுப்பித்திருக்கிறார்கள். மிச்சிகன் மாநிலப் பூங்காக்களில் அதிகக் கூட்டம் வருவது இப்போது இங்கேதான். கோடை ஞாயிறுகளில் இடம் நிரம்பிவிட்டது என்று பாலத்தின் வாயை மூடுகிற அளவுக்குக் கூட்டம். முதல் ஆண்டில் காவல்துறை வண்டிகளை நிறுத்திச் சோதிப்பது அளவுக்கு மீறுகிறது என்று நகரவாசிகள் புகார் சொன்னார்கள், பிறகு அது அடங்கியது. நகரமே நடத்தியிருந்தால் இவ்வளவு செய்திருக்க முடியுமா என்று கேட்டால், அந்தப் பத்தாண்டில் முடிந்திருக்காது என்றுதான் சொல்வேன்.

சரி, பேரத்தில் தவறவிட்டது என்ன? அது என் அப்பா வந்திருந்தபோது பிடிபட்டது. அவர் நகராட்சி ஒன்றில் வரிவசூல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தீவின் வாசலில் காரை நிறுத்தினோம். ஊழியர் குனிந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தார், ‘பி’ தெரிந்தது, கையை அசைத்து அனுப்பிவிட்டார். அப்பா பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“ஏம்மா, ரசீது ஒன்றும் தரவில்லையே?”

பாஸ் முன்பே வாங்கியாகிவிட்டது, பிளேட்டில் இருக்கிறது என்று விளக்கினேன்.

“அது சரி. இந்த வாசலின் வசூல் எவ்வளவு என்று எந்தப் புத்தகத்தில் எழுதுவார்கள்?”

எந்தப் புத்தகத்திலும் எழுத முடியாது. நான் பதிவைப் புதுப்பிக்கும்போது கொடுத்த பணம் மாநிலம் முழுமைக்குமான பூங்கா நிதியில் போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் பெல் ஐலுக்காகக் கொடுத்தது எவ்வளவு, வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் இன்னொரு பூங்காவுக்காகக் கொடுத்தது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்ல முடியும், எவ்வளவு சம்பாதித்தது என்று சொல்ல முடியாது. வாசலில் டிக்கெட் கிழிக்கிற பூங்காவாக இருந்தால், ‘எங்கள் தீவில் இவ்வளவு வசூல், எங்கள் பங்கு எங்கே?’ என்று நகரம் கேட்கலாம். இங்கே கேள்வி கேட்கவே கைப்பிடி இல்லை. பாஸ் நிதியில் ஒரு பங்கு உள்ளாட்சிப் பூங்காக்களுக்கு மானியமாகப் போவது உண்மை. அதற்கும் மற்ற ஊர்களோடு போட்டி போட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

பதினொரு டாலர் அதிகமா குறைவா என்று ஓராண்டு வாதாடியவர்கள் யாரும் இந்தக் கணக்குப் புத்தகத்தைக் கேட்டதாக நான் படித்ததில் தெரியவில்லை. அப்பாவுக்கு அதைக் கேட்கப் பாலத்தைத் தாண்டும் நேரம் போதுமானதாக இருந்தது. முப்பது ஆண்டு வசூல் பிரிவில் உட்கார்ந்தவருக்கும் மேடையில் பேசுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் அது போலும்.

குத்தகைக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆளுநரும் மேயரும் நகர மன்றமும் நியமிக்கும் 7 பேர் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று கூடிக்கூடிப் பேசுகிறது. ஆலோசனைதான், ஆணையிட முடியாது. ஆனால் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை, கேள்வி கேட்க இடமுண்டு. நான் கேட்க நினைத்திருப்பது ஒன்றே ஒன்று. கார்ப் பதிவில் ஒவ்வொரு உரிமையாளரின் முகவரியும் இருக்கிறது. டெட்ராய்ட் எல்லைக்குள் பதிவான கார்களில் 2013 வரை எத்தனைக்குப் பாஸ் இருந்தது, 2014-க்குப் பிறகு ஆண்டுக்கு ஆண்டு எத்தனைக்கு இருக்கிறது? தனி ஆட்களின் பெயர் வேண்டாம், வெறும் எண்ணிக்கை போதும். மாநிலத்திடம் இருக்கும் கணினிக்கு அது பெரிய வேலை இல்லை. இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியைப் பாஸ் விலையால் பெருக்கினால், தீவு இந்த ஊரிடமிருந்து மட்டும் மாநிலத்துக்கு எவ்வளவு கூட்டிக் கொடுத்திருக்கிறது என்று ஓரளவுக்காவது தெரியும். அடுத்த ஒப்பந்தத்துக்கு நகரத்தின் சார்பில் யார் உட்காரப்போகிறாரோ, அவர் மேசைமேல் முதலில் வைக்க வேண்டிய காகிதம் அதுதான்.